படிக்காமல் விட்ட வரி

மயிலாப்பூர்
12.4.2025

சோட்டு,

நல்லா இருக்கிறாயா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனசு வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் அண்ணன் மவுத்தாகி இன்றோடு அறுபத்தெட்டு நாள். நான் இத்தாவில் இருக்கிறேன். நாலு மாசம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது, வெளி ஆண்கள் முகம் பார்க்கக் கூடாது. கொழுந்தனும் வெளி ஆள்தான் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிவிட்டார். நான் கல்யாணமாகி வந்தபோது உனக்கு ஆறு வயசு. உன் மூக்கைச் சிந்திவிட்டு ஸ்கூலுக்கு அனுப்பினது நான். அந்தப் பிள்ளை வளர்ந்துவிட்டால் திரை போட வேண்டும் என்கிறார்கள். போடட்டும். இன்றைக்கு நீ என் எதிரே உட்கார்ந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போன் எப்போதும் நம் பொண்ணு சிம்ரா கையில். அவளுக்கு இது தெரியக் கூடாது. கீழ் வீட்டுத் தாயம்மா ஞாயிற்றுக்கிழமை ஆதம்பாக்கத்தில் மகள் வீட்டுக்குப் போகிறாள், அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். "இந்தக் காலத்துல இன்னாத்துக்குமா லெட்டரு? ஒரு மெசேஜ் தட்டினா ஆச்சு" என்றாள். ஒட்டிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். பிரிட்ஜில் உன் அண்ணனுடைய ஊசி நாலு மிச்சம் இருக்கிறது. வேறு யாராவது ஏழைக்கு ஆகட்டும் என்று ஆஸ்பத்திரிக்குத் திருப்பித் தர நினைத்தேன். அங்கே யாரைக் கேட்பது என்று பார்க்க சிம்ரா பழைய பைலை எடுத்தாள். ஏழு வருஷத்துக் காகிதம். அவள் இங்கிலீஷ் மீடியம், ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தாள். எல்லாவற்றுக்கும் அடியில் முதல் சீட்டு. நரம்பு வியாதி, எம்.எஸ். என்று முதன்முதலாகச் சொன்னார்களே, 2018ல், அந்தச் சீட்டு.

"அம்மி, இதுல ஒரு விஷயத்துக்கு மட்டும் ரெண்டு தடவை அடிக்கோடு போட்டு எழுதியிருக்காங்க" என்றாள். பிறகு தமிழில் சொன்னாள். "சிகரெட்டை உடனே முழுசா நிறுத்தணும். தொடர்ந்தா அட்டாக் அடிக்கடி வரும், மருந்து சரியா வேலை செய்யாது, நடை சீக்கிரம் போயிடும். குடும்பத்தாருக்கு எடுத்துச் சொல்லியாச்சு." அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டாள், "யாருக்கு எடுத்துச் சொன்னாங்க?"

எனக்கு இல்லை. நான் அப்போது மாத்திரை கவுண்டரில் நின்றேன். லேடீஸ் க்யூ சின்னது என்று என்னைத்தான் அங்கே அனுப்புவீர்கள். டாக்டரம்மா அறைக்குள் போனது நீயும் அவரும்.

வெளியே வந்து, கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, நீ அந்தச் சீட்டை விரல் வைத்துப் படித்துச் சொன்னாய். நான் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி மனப்பாடம் பண்ணினேன். வீட்டுக்கு வந்து காலண்டர் தாளின் பின்பக்கம் தமிழில் எழுதி பீரோவில் ஒட்டினேன். வெயிலில் போகக் கூடாது என்று படித்தாய், ஈரத் துணியைப் பிழிந்து பிழிந்து கழுத்தில் போட்டேன். ஊசியை இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்று படித்தாய், ஐந்தாவது வரைக்கும் படித்த நான் ஊசி போடக் கற்றுக்கொண்டேன். நீ படித்த எதையாவது நான் செய்யாமல் விட்டேனா?

அந்த ஒரு வரியை ஏன் விட்டாய்?

சிம்ராவிடம், சொல்லியிருப்பார்கள், நான்தான் மறந்திருப்பேன் என்று பொய் சொன்னேன். உன்னைக் காப்பாற்றத்தான். சாச்சா சாச்சா என்று உன் மேல் அவளுக்கு உயிர். எனக்குப் பதில் வேண்டும். பதில் வராமல் நீ இந்த வாசலுக்கு வராதே.

ஜைதூன்


ஆதம்பாக்கம்
20.4.2025

மரியாதைக்குரிய பாபிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன்.

நான் மறைத்தது உண்மை. ஆனால் நானாக மறைக்கவில்லை. அன்றைக்கு டீக்கடையில் அந்த வரிக்கு வரும்போது பாய்ஜான் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அடுத்த வரிக்குப் போய்விட்டேன். பிறகு நீங்கள் சிம்ராவுக்கு பிஸ்கட் வாங்கப் போனபோது சொன்னார்: "அவளுக்குத் தெரிஞ்சா ஒரு நாள்கூட விடமாட்டா. தையல் போச்சு, பாதி கண்ணு போச்சு, இதையும் இன்னிக்கே பிடுங்கிட்டா நான் என்னடா பண்றது? ரெண்டு மாசம் குடு. நானே விட்டுடறேன்."

என்னைப் படிக்க வைத்த அண்ணன். அவர் பேச்சை மீறி எனக்குப் பழக்கமில்லை. இரண்டு மாதம்தானே என்று நினைத்தேன்.

ஒன்று சொன்னால் கோபிக்காதீர்கள். அவர் சிகரெட்டை ஒளிந்து குடிக்கவில்லை. நம் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து உங்கள் கண் முன்னால்தான் குடித்தார். ஒவ்வொரு பாக்கெட்டிலும் பயங்கரமாகப் படம் போட்டிருக்கிறான். அது கெடுதல் என்று தெரிந்துகொள்ள இங்கிலீஷ் வேண்டுமா, பாபி? எல்லாப் பழியும் ஒரு வரியில் இருக்கிறது என்று நீங்கள் நினைப்பது நியாயமில்லை.

இத்தா ஜூன் பதினொன்றாம் தேதியோடு முடிகிறது. அன்றைக்கு ஆண் வீட்டார் வந்து, புதுத் துணி கொடுத்து, உங்களை வெளியே அழைத்துப் போக வேண்டும். அந்தப் பக்கத்தில் மிச்சம் நான் ஒருவன்தான். நான் வராவிட்டால் யார் வருவார்கள்? வரலாம் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

உங்கள்
ஃபைசான்


மயிலாப்பூர்
27.4.2025

ஃபைசானுக்கு,

படம் போட்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். ஆமாம், போட்டிருக்கிறது. வாய் வெந்து போன படம். நான் அதைத் தினமும் பார்த்தேன். அதனால் அவர் வாயைத் தினமும் திறந்து காட்டச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். புண் இருக்கிறதா, வெள்ளையாக ஏதாவது இருக்கிறதா என்று. இருமினால் நெஞ்சு சளிக்குக் கஷாயம் வைத்தேன். வாய்க்குக் கெடுதல், நெஞ்சுக்குக் கெடுதல் என்று தெரியும். கண்ணுக்கு, காலுக்கு, விரலுக்குப் போகிற நரம்பை இந்தப் புகை அரிக்கும் என்று எந்தப் பாக்கெட்டில் படம் போட்டிருந்தான்? காட்டு.

நீ இன்னும் ஒன்றை எழுத மறந்துவிட்டாய். நானே எழுதுகிறேன். அவர் கண் முன்னால் குடித்தார், நான் பார்த்தேன் என்கிறாய். பார்த்ததோடு நின்றேனா? வாங்கி வந்தது யார்? 2020க்கு மேல் அவரால் படி இறங்க முடியாது. கச்சேரி ரோட்டு முனைக் கடையில், பர்தா போட்ட பொம்பளை, நாலு ஆம்பளைகளுக்கு நடுவே கை நீட்டி, தினமும் மூன்று சிகரெட் வாங்கினேன். கடைக்காரன் முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்தான். அப்புறம் நான் வருவதைப் பார்த்ததுமே எடுத்து வைப்பான். விரலில் பிடிக்க முடியாமல் போன பிறகு, நான்தான் பற்ற வைத்து அவர் உதட்டில் வைத்தேன். சாம்பல் நெஞ்சில் விழாமல் கையை ஏந்திக்கொண்டு நின்றேன். ஏன் தெரியுமா? அந்த மனுஷனுக்கு வேறு எதுவும் மிச்சமில்லை, இதாவது இருக்கட்டும் என்று. நீ ஒரு வரி படித்திருந்தால் நான் அந்தக் கடைப் பக்கம் போயிருப்பேனா?

ஒரு கையால் ஊசி போட்டேன், மறு கையால் சிகரெட் வைத்தேன். நீ அதைப் பார்த்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து பிரியாணி சாப்பிட்டுப் போனாய்.

உன் அண்ணன் யார் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? தி.நகரில் ஆரி வேலை. உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் மாடியில், கட்டையில் துணியை இழுத்துக் கட்டி, பன்னிரண்டு மணி நேரம் தரையில் உட்கார்ந்து ஊசி குத்துவார். கல்யாணப் பட்டு ரவிக்கையில் அவர் போட்ட மயிலுக்கு இறகு எண்ணலாம். முதலில் போனது வலது கண். சிவப்பு நூல் என்று நினைத்துக் காவி நூலில் ஒரு கை முழுக்கப் போட்டுவிட்டார். முதலாளி ரவிக்கையை அவர் முகத்தில் வீசினான். சிவப்பு வெளிறித் தெரிகிறது, கண்ணை அசைத்தால் உள்ளே வலிக்கிறது என்று அன்றைக்குச் சொன்னார். அதுதான் ஆரம்பம். அந்த ஊசியால் சம்பாதித்து உன்னை பி.காம். படிக்க வைத்தார். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவன் நீ ஒருத்தன். எங்களுக்குத் தெரியாததை நீ படித்துச் சொல்லத்தானே படிக்க வைத்தோம். நீ படித்ததில் எங்களுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று நீயே பொறுக்கிக் கொடுக்கவா?

ரெண்டு மாசம் கேட்டார், கொடுத்தாய். சரி. அவர் நோயாளி, கேட்பார். குழந்தை கூடத்தான் நெருப்பைக் கேட்கும். ரெண்டு மாசம் போன பிறகு? மீதி ஆறு வருஷத்துக்கு யார் உன் காலை மிதித்தது?

நான் கேட்பதற்கு நேராகப் பதில் எழுது. ஒவ்வொரு தடவை போகும்போதும் டாக்டரம்மா சிகரெட் நிறுத்தியாச்சா என்று கேட்டிருப்பார்களே. கேட்டார்களா? நீ என்ன சொன்னாய்? பொய் எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும். பைலில் எல்லாம் இருக்கிறது, சிம்ராவை இன்னும் படிக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் பதினொன்றைப் பற்றிப் பேசாதே.

ஜைதூன் பீ


ஆதம்பாக்கம்
11.5.2025

பாபி,

நீங்கள் சிம்ராவைப் படிக்கச் சொல்வதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

ஒவ்வொரு முறையும் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் நிறுத்திவிட்டார் என்று நான் சொன்னேன். பாய்ஜான் தலையாட்டினார். நாங்கள் உள்ளே போவதற்கு முன்பே உங்களை மாத்திரை கவுண்டருக்கு அனுப்பியதும் அதற்காகத்தான். க்யூ சின்னது என்பது ஒரு சாக்கு.

நிறுத்தியும் ஏன் இப்படி அட்டாக் வருகிறது என்று டாக்டரம்மா குழம்பினார்கள். மருந்தை மாற்றினார்கள், மறுபடி மாற்றினார்கள். நான் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் பொய்யைக் காப்பாற்ற அடுத்தது. அப்படியே போனது.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. இது எந்தக் காகிதத்திலும் இல்லை. எழுதாமல் இருந்தால் உங்களுக்குத் தெரியவே போவதில்லை.

2021 ரமலானில் அவர் நிறுத்தினார். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நோன்பு முடிந்த பிறகும் வேண்டாம் என்றார், வாங்கி வராதே என்றார். வாசனை பிடிக்கவில்லை என்று உங்களிடம் காரணம் சொன்னார். ஐந்து மாதம் தொடவில்லை. அந்த ஐந்து மாதமும் அட்டாக் வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகவே பாத்ரூம் போனார். புது ஊசி வேலை செய்கிறது என்று நீங்கள் எனக்கு போன் பண்ணி அழுதீர்கள்.

செப்டம்பரில் வேளச்சேரி கம்பெனியில் எனக்கு வேலை போனது. வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு நேராக அங்கே வந்தேன். காற்று வாங்கலாம் என்று அவரைத் தோளில் தாங்கி மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனேன். பேசிக்கொண்டே நான் ஒன்றைப் பற்ற வைத்தேன். அவர் எதிரே நான் குடித்தது அதுதான் முதல் முறை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரே இழுப்பு, சோட்டு. உனக்கு வேலை போன துக்கத்துக்கு" என்றார், சிரித்துக்கொண்டே. என் வாயில் இருந்ததை எடுத்து அவர் வாயில் வைத்தேன்.

அடுத்த வாரம் உங்களிடம் மறுபடி வாங்கி வரச் சொன்னார். தீபாவளிக்குள் இரண்டு அட்டாக். அதன் பிறகு அவர் எழுந்து நிற்கவே இல்லை.

அதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இது எப்போது தாக்கும் என்று டாக்டருக்கே தெரியாது. அந்த 'சொல்ல முடியாது' என்கிற வார்த்தையைத்தான் நான் நாலு வருஷமாகப் பிடித்துக்கொண்டு தூங்குகிறேன்.

சிம்ராவிடம் நீங்கள் சொல்லுங்கள், இல்லை நான் சொல்கிறேன். ஜூன் பதினொன்றுக்கு இனி அனுமதி கேட்க மாட்டேன்.

ஃபைசான்


மயிலாப்பூர்
15.6.2025

சோட்டு,

சோட்டு என்று எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை எழுதிவிட்டது, அடிக்கவில்லை.

உன் கடிதம் வந்து ஒரு மாசம் நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருந்தால் எல்லாம் சாபமாக வந்திருக்கும். இத்தாவில் இருக்கிறவள் சாபம் விடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

பதினொன்றாம் தேதி நீ வந்தது எனக்குத் தெரியும். எதிர் சாரியில் ஜெராக்ஸ் கடை ஓரம், கையில் துணிக்கடைப் பையோடு நின்றாய். தாயம்மா ஓடி வந்தாள். "யம்மா, ஒன் கொழுந்தன் ஒரு மணி நேரமா வெயில்ல நின்னுகினு கீறாரு. மேல வரச் சொல்லட்டா?" வேண்டாம் என்றேன். "நல்ல ஆளுங்கடி நீங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டு அவள் உனக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். குடிக்காமல் போய்விட்டாய் என்றாள். சிகரெட் பிடித்தாரா என்று கேட்டேன். இல்லை என்றாள். அது உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது. யார் எதைச் சொன்னாலும் இப்போது எனக்கு அப்படித்தான் இருக்கிறது. இதையும் நீதான் எனக்குக் கொடுத்தாய்.

என்னை வெளியே அழைத்துப் போக வேறு யாரும் இல்லை. அதனால் மறுநாள் நானே போனேன், சிம்ராவைக் கூட்டிக்கொண்டு. ஆஸ்பத்திரிக்குத்தான். ஊசியைப் பாதுகாத்த முறை தெரியாமல் வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அது போகட்டும். நான் இந்த முறை க்யூவில் நிற்கவில்லை. டாக்டரம்மா அறைக்குள் போய் உட்கார்ந்தேன். ஏழு வருஷத்தில் முதல் தடவை. அந்த அம்மா நல்லாத் தமிழ் பேசுகிறார்கள் சோட்டு. நம்மைவிட நல்லா.

எல்லாவற்றையும் சொன்னேன். நீ சொன்ன பொய்யை, நான் வாங்கினதை, பற்ற வைத்ததை. பேனாவை மூடி வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்கள். அப்புறம் விளக்கினார்கள். ஒயருக்கு மேலே உறை இருப்பது போல நரம்புக்கு மேலே ஒரு உறை இருக்கிறதாம். இந்த வியாதியில் நம் உடம்பே எதிரி என்று நினைத்து அதைத் தாக்குகிறதாம். புகை நுரையீரலுக்குள் போய் அந்தச் சண்டையைத் தூண்டிவிடுகிறதாம். நிறுத்தியிருந்தால் அவர் இருந்திருப்பாரா என்று கேட்டேன். அப்படி உறுதி சொல்ல முடியாது, சிகரெட்டே தொடாதவர்களுக்கும் முற்றுகிறது என்றார்கள். "ஆனா இன்னும் கொஞ்ச வருஷம் நடந்திருக்கலாம்மா" என்றார்கள். வெளியே வரும்போது கேட்டார்கள், நீங்க ஒரே ஒரு தடவை உள்ளே வந்திருக்கலாமே என்று. திட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்கள். திட்டியிருந்தால் தேவலை.

சிம்ரா பக்கத்திலேயே இருந்தாள். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள், "நீங்க ரெண்டு பேரும் அப்பாவை ரொம்ப நல்லாப் பார்த்துக்கிட்டீங்க." அவ்வளவுதான். அப்படியே அவள் அப்பன் மாதிரி, சத்தம் போடாமல் குத்துகிறாள். மூன்று நாள் என்னோடு பேச்சில்லை. இன்று காலையில் பேசினாள். சாச்சா எப்போ வருவார் என்று கேட்டாள், மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு.

வரும் ஞாயிற்றுக்கிழமை வா. மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே. துணி கொண்டுவராதே. பிரியாணி இருக்காது. சிம்ரா உன்னைக் கேட்பதற்கெல்லாம் நீ பதில் சொல்ல வேண்டும், எதையும் தாண்டிப் போகாமல். ஹஜ்ரத் சொன்ன திரை இருக்கட்டும், நான் அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கும் உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. அதை டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. சிம்ராவுக்கும் தெரியாது.

ஜனவரி முப்பத்தொன்று, வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து நீ வந்துவிட்டுப் போன பிறகு. பேச்சு சுத்தமாகப் போய்விட்டிருந்தது. இருமல், லேசாகக் காய்ச்சல். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமான நேரமாயிற்றே என்று நான் பற்ற வைத்துக் கொண்டுபோனேன். உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகும்போது அவர் கை மேலே வந்து என் கையில் பட்டது. சிகரெட் போர்வையில் விழுந்தது. அவசரமாக எடுத்து, அணைத்து, "ஒண்ணுமில்லங்க, கை ஆடிடுச்சு" என்று சொல்லி, வேறு ஒன்றைப் பற்ற வைத்து மறுபடி வைத்தேன். ஒரு இழுப்பு இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் தண்ணீர் வந்தது, புகை பட்டிருக்கும் என்று முந்தானையால் துடைத்தேன். மறுநாள் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. திங்கட்கிழமை போய்விட்டார்.

அந்தக் கையை என்னைவிட நீதான் அதிகம் அறிந்தவன். அவருக்குப் பேச்சு குறைந்துபோன காலத்தில் ஜன்னலோரம் நீங்கள் இருவரும் கையாலேயே பேசிச் சிரிப்பீர்கள். எது நடுக்கம், எது அவர் சொல்வது என்று உனக்குத் தெரியும். நீ வந்து அவர் படுத்திருந்த இடத்தில் உட்கார். அது எப்படி வந்தது, எவ்வளவு வேகமாக வந்தது என்று நான் திரைக்குப் பின்னாலிருந்து சொல்கிறேன், சிம்ரா தன் கையால் செய்து காட்டட்டும். பார்த்துவிட்டுச் சொல்.

அந்தக் கை தானாக ஆடியதா சோட்டு, இல்லை, என்னிடம் வேண்டாம் என்றதா?